செயலாளர் ஆண்டறிக்கை: 2024–25

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஆடிக்கூழ், பொங்கல் விழா, பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் எல்லாம் வழக்கம்போல நடந்தன. கணபதி விசர்ஜன நாளில் தண்ணீர்ப் பந்தல் போட்டோம்.

இனி, கல்லூரி மாணவர்களுக்காக நடத்திய ஞாயிறு கூட்டம். ‘சொந்தத் தொழில் பற்றிப் பேசுவது சங்கத்தின் வேலையா?’ என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

படிக்கும் பிள்ளைக்குத் தொழில் தொடங்கும் எண்ணம் எதனால் வருகிறது என்று ஆராய்பவர்கள், ஐசக் அய்சன் என்ற உளவியலாளர் 1991-இல் எழுதியதைத்தான் அதிகம் எடுத்துக்கொள்கிறார்கள். அவர் சொல்வது மூன்று: அந்தக் காரியத்தில் உள்ள விருப்பம், வேண்டியவர்கள் என்ன சொல்வார்களோ என்ற நினைப்பு, நம்மால் முடியும் என்ற நம்பிக்கை. நம் பிள்ளைகளிடம் விருப்பம் நிறைய இருக்கிறது. மற்ற இரண்டில்தான் தயங்கி நிற்கிறார்கள்.

தொழில் செய்யும் வீட்டுப் பிள்ளைக்கு அந்த எண்ணம் எளிதாக வரும் என்பார்கள். தாராவியில் அப்படிப்பட்ட வீடுகளுக்குக் குறைவில்லை. ஆனால் பி.காம். படிக்கும் ஒரு பெண் சொன்னாள்: “அம்மா ராத்திரியோட ராத்திரியா எழுந்து இட்லி ஊத்துறதையும், அப்பா சைக்கிள்ல அண்டாவைக் கட்டிக்கிட்டு மழையில கிளம்புறதையும் பார்த்தே வளர்ந்தேன் அங்கிள். எனக்கு மாசச் சம்பளம் போதும்.” அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த வாரம் அவளுடைய அப்பாவையே பேசக் கூப்பிட்டேன். முதலில் கூச்சப்பட்டார். அப்புறம், அரிசி விலை ஏறியபோது தட்டு விலையைக் கூட்டாமல் சயான் பக்கத் தெருக்களுக்குப் பாதையை மாற்றியதையும், எந்த வாசலில் எத்தனை நிமிடம் நிற்பார் என்பதையும் விரல்விட்டுச் சொன்னார். பாதியில் அந்தப் பெண் பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதத் தொடங்கினாள். சிறுதொழிலுக்குக் கடன் கொடுக்க மத்திய அரசு 2015-இல் கொண்டுவந்த முத்ரா திட்டத்தில், ‘சிசு’ என்ற தொடக்கநிலைப் பிரிவில் 50,000 ரூபாய் வரை அடமானம் இல்லாமல் கடன் உண்டு என்பதும் அன்றுதான் பலருக்குத் தெரிந்தது.

என் வருத்தம் வேறு. பட்டறை, டிராவல்ஸ், கேட்டரிங் என்று நம் உறுப்பினர்களிலேயே எத்தனையோ தொழில்காரர்கள் இருக்கிறார்கள். ஒரு மணி நேரம் வந்து பேசுங்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டேன். ‘பார்க்கலாம்’ என்றவர்களே அதிகம். சந்தாவும் அப்படித்தான் நிற்கிறது. யார் யார் பாக்கி என்று இங்கே படிக்க நான் விரும்பவில்லை.

வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரியாக வந்தன. சிறிது கையிருப்பு உண்டு. விவரம் பொருளாளரிடம் பார்க்கலாம். மாடியை வாடகையின்றிக் கொடுத்தவருக்கும், தேநீர் தந்த மகளிர் அணிக்கும், தணிக்கை செய்த நண்பருக்கும் நன்றி.

நான் பொறுப்பில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஞாயிறு கூட்டம் நிற்கக் கூடாது. தொழில் செய்யும் அண்ணன்மார், அக்காமார் மாதம் ஒருவராவது வாருங்கள். நஷ்டப்பட்ட வருடத்தை எப்படிச் சமாளித்தீர்கள் என்று சொன்னால் போதும், பிள்ளைகள் அதைத்தான் கேட்கிறார்கள். கல்லூரி திறப்பதற்குள் பெயர் கொடுங்கள். சந்தா பாக்கியையும் அப்போதே கட்டிவிட்டால் பெரிய உதவி.

இப்படிக்கு,
செயலாளர்