ஆவாரை நாற்று விலைக்குக் கிடைக்கவில்லை: ஒரு நாற்றங்காலுக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புள்ள ஊர்க்காரர்களுக்கு வணக்கம்.

போகியன்று காப்புக் கட்ட வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றும் வேண்டும். அப்பாரு காலத்தில் இதற்காக யாரும் கடைவீதிக்குப் போனதில்லை. காட்டு வரப்பில் நாலு எட்டு வைத்தால் மடி நிறையக் கிடைக்கும். வீட்டு எரவாணம், கட்டுத்தரை, கிணற்றடி எல்லாவற்றுக்கும் கட்டியது போக மிஞ்சும். இந்தப் பொங்கலுக்கு அதே மூன்றையும் நூல் சுற்றிக் கட்டு இருபது ரூபாய் என்று காங்கயத்தில் விற்றார்கள். ஆவாரம்பூ பாதி வாடியிருந்தது.

பக்கத்தில் நின்று வாங்கிய ஒரு அம்மா எங்களில் ஒருவரிடம் கேட்டார்: “ஏனுங்க, இதுல ஒரு செடிய வாங்கி வாசல்லயே வெச்சுக்க முடியாதுங்களா? எங்கீங்க கிடைக்கும்?”

எங்கள் குழுவில் பதினொரு பேர். தண்ணீர் குறைவாகக் குடிக்கும் நாட்டுச் செடிகளை வையுங்கள் என்று மூன்று வருஷமாக ஊர் ஊராகப் பேசிவருகிறோம். அந்த அம்மாவுக்குச் சொல்ல எங்களிடம் ஒரு கடைப் பெயர்கூட இல்லை.

நர்சரிகளைக் குறை சொல்லவில்லை. கேட்கிற ஆள் இருந்தால்தான் அவர்கள் வளர்ப்பார்கள். புது லேஅவுட்டில் வீடு கட்டுகிறவர்கள் கேட்பது புல்தரையும் அலங்காரப் பனையும். அதனால் அதுதான் வரிசையாக நிற்கிறது. ஆனால் அந்தப் புல்தரைக்கு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் நின்றால் அது ஒரு லிட்டர். கோடையில் புல்லுக்கு நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீட்டராவது வேண்டும். ஒரு சென்ட் என்பது சுமார் 40 சதுர மீட்டர். ஆக, ஒரு சென்ட் புல்லுக்குத் தினமும் 200 லிட்டர், அதாவது பதின்மூன்று குடம். லாரித் தண்ணீர் வாங்குகிற தெருவில்!

நம் பக்கத்து மழை எல்லாருக்கும் தெரிந்ததுதான். தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கம் கொட்டிவிடுகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக நமக்கு வருவது காற்றும் கொஞ்சம் தூறலும். கோயம்புத்தூருக்கே ஆண்டுக்குச் சராசரி 600 முதல் 700 மில்லிமீட்டர்தான். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வந்துவிடும். மிச்ச மாதங்களுக்கு போர்வெல்லைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

குறைந்த தண்ணீரில் தோட்டம் வைப்பதற்கு 1981-ல் அமெரிக்காவின் டென்வர் நகரத் தண்ணீர் வாரியம் ‘சீரிஸ்கேப்’ என்று ஒரு பெயர் வைத்தது. கூட்டத்தில் இதைச் சொன்னால் ஆட்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். கொறங்காடு, அதாவது உயிர்வேலி போட்ட நம் மானாவாரி மேய்ச்சல் நிலம் என்றால் சிரிக்கிறார்கள். ஆனால் காங்கயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காட்டை ஒருமுறை வேலியோரம் நின்று பாருங்கள். சுற்றிலும் கிளுவை உயிர்வேலி, தரையில் கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல். யாரும் வாளி எடுத்து ஊற்றியதில்லை. பங்குனி வெயிலில் கொழுக்கட்டைப் புல் செத்த மாதிரி காய்ந்து கிடக்கும். ஒரு மழை விழுந்தால் நாலாம் நாள் தூர் பச்சை கட்டிவிடும். நம் காங்கயம் மாடு இதில் மேய்ந்துதான் நின்றது. கிளுவை, கொழுக்கட்டைப் புல், வெள்வேல் மூன்றையும் இன்னும் பத்துப் பன்னிரண்டு செடிகளையும் வீட்டு வாசல் அளவுக்குச் சுருக்குவதுதான் எங்கள் வேலை: ஆவாரை, பூளை, துத்தி, நொச்சி, பிரண்டை, தலைக்குத் தேய்க்கிற அரப்பு. இடம் இருந்தால் கொடுமுடிக் கோயிலில் நிற்கிறதே, அந்த வன்னியும். எருக்கு வேண்டாம் என்று பலர் முகம் சுளிக்கிறார்கள். வெந்தய வரியன் பட்டாம்பூச்சி அதில் முட்டை வைக்கும், அதனால் வேலி மூலையில் ஒன்று இருக்கட்டும்.

எங்கள் தப்பையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பள்ளி வளாகத்தில் நட ஆவாரை வேண்டும் என்று வெளியூர் நர்சரி ஒன்றில் சொல்லி வைத்தோம். நூற்றிருபது நாற்று வந்தது. பிள்ளைகளே குழி எடுத்து நட்டார்கள். பூக்கும்போது பார்த்தால் மணி மாதிரித் தொங்கும் மஞ்சள் பூ. டெக்கோமா என்கிற அமெரிக்கச் செடி! அதையே வைத்துப் பிள்ளைகளுக்கு ‘ஆவாரை நம் செடி’ என்று பாடம் வேறு எடுத்திருந்தோம். இலையைப் பார்த்தே கண்டுபிடித்திருக்க வேண்டும். ஆவாரைக்குச் சின்னச் சின்ன இலைகள் ஜோடி ஜோடியாக, முனை மழுங்கி இருக்கும். இதற்கு ரம்பப் பல் விளிம்பு. மஞ்சளாகப் பூக்கும் என்று சொன்னதை நம்பிவிட்டோம்.

அன்றைக்கே முடிவு செய்தது இது: விதை எடுப்பதிலிருந்து நாமே வளர்க்க வேண்டும்.

காங்கயம் அருகே ஓர் உறுப்பினர் பதினைந்து சென்ட் இடத்தை ஐந்து வருஷத்துக்கு வாடகையில்லாமல் கொடுத்திருக்கிறார். பக்கத்திலேயே அவருடைய பழைய கொப்பரைக் கொட்டகை, 1,000 சதுர அடி ஓட்டுக் கூரை. 600 மில்லிமீட்டர் மழைக்கு அந்தக் கூரையில் 55,000 லிட்டருக்கு மேல் விழுகிறது. வழிவது, ஆவியாவது போகப் பாதி பிடித்தாலும் பெரிசு. அதனால் போர்வெல் போடப் போவதில்லை.

செலவு இப்படி. இரும்புக் குழாய் நட்டு நிழல்வலைக் கூடாரம் போட 1,20,000 ரூபாய். 20,000 லிட்டர் தொட்டியும் கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயும் 1,40,000. மண், தொழு உரம், நாற்றுப் பை 35,000. தினம் அரை நாள் வேலை பார்க்கும் ஒருவருக்கு ஒரு வருஷச் சம்பளம் 1,08,000. மூன்று ஊர்களில் ஆட்கள் வந்து பார்க்கும்படி மாதிரி வாசல் தோட்டம் அமைக்க 45,000. மொத்தம் 4,48,000. எங்கள் பதினொரு பேர் பங்கு 1,10,000 கையில் இருக்கிறது. மீதி 3,38,000 உங்களிடம் கேட்கிறோம்.

முதல் வருஷம் 4,000 நாற்று இலக்கு. பையும் மண்ணும் சம்பளமும் சேர்த்தால் ஒரு நாற்றுக்கு 36 ரூபாய் ஆகிறது. நாங்கள் 20 ரூபாய்க்குத்தான் கொடுக்கப் போகிறோம், இல்லாவிட்டால் யாரும் வாங்க மாட்டார்கள். வருகிற 80,000 அடுத்த வருஷச் சம்பளத்துக்குப் போகும். அதாவது நீங்கள் 360 ரூபாய் கொடுத்தால் பத்து நாற்று வளரும். பெரிய தொகை கொடுப்பவர் பெயரைப் பலகையில் எழுதுவதா என்று குழுவில் சண்டையே நடந்தது. எழுதுவதில்லை என்று முடிவாகிவிட்டது, மன்னிக்கவும்.

நன்கொடை கொடுப்பவருக்கு வருமான வரிச் சலுகை கிடைக்கச் செய்யும் சான்று எங்களுக்கு இன்னும் இல்லை. தெரிந்துகொண்டு கொடுங்கள். ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது உண்டு. மாதக் கடைசியில் வரவு செலவைக் கொட்டகைச் சுவரில் ஒட்டுவோம்.

இன்னொன்று. நாட்டுச் செடி என்றால் தண்ணீரே வேண்டாம் என்று அர்த்தமில்லை. நட்ட முதல் வருஷம், மழை இல்லாத வாரங்களில் செடிக்கு ஒரு குடம் ஊற்றித்தான் ஆக வேண்டும். தூரைச் சுற்றித் தேங்காய் மட்டையோ சருகோ மூடாக்குப் போட்டால் அந்த ஒரு குடம் போதும். வேர் இறங்கிய பிறகு ஆவாரையும் வெள்வேலும் தம்பாட்டில் இருந்துகொள்ளும்.

வைகாசியில் விதை போட்டால்தான் புரட்டாசிக்கு நாற்று தயாராகி, ஐப்பசி மழைக்கு மண்ணில் இறங்கும். அதனால் சித்திரை முடிவதற்குள் பணம் சேர வேண்டும். குழு உறுப்பினர் பதினொரு பேரிடமும் ரசீதுப் புத்தகம் இருக்கிறது. காசோலையாகக் கொடுப்பவர்கள் பொருளாளரிடம் கொடுக்கலாம்.

பணம் இப்போது தோதில்லை என்றால் வேறு வழியும் உண்டு. கழுவிக் காயவைத்த பால் பாக்கெட் வேண்டும், நாற்றுப் பைச் செலவு குறையும். கிளுவை வேலி வெட்டுகிறவர்கள் போத்தை (நட்டால் துளிர்க்கும் கிளையை) எரித்துவிடாமல் சொல்லி அனுப்புங்கள், வண்டி எடுத்து வருகிறோம். ஆட்டுப் பட்டி வைத்திருப்பவர்களுக்குத் தனி வேண்டுகோள்: வெள்வேல் காய் தின்ற ஆடு ராத்திரி அசைபோடும்போது துப்புகிற கொட்டையைக் கூட்டித் தள்ளிவிடாமல் ஒரு சாக்கில் போட்டு வையுங்கள். கடையில் வாங்கிய எந்த விதையும் அது போல முளைக்கவில்லை.

இப்படிக்கு,
நாட்டுச் செடி நாற்றங்கால் குழுவினர்