கண்ணம்மாவுக்கு அப்பா எழுதுவது

கண்ணம்மா,

நீ போன் பண்ணிப் பதினோரு நாள் ஆகிறது. அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை, மணிக்குக் காதுப் புண் ஆறிவிட்டது, பெரியத்தை விஷயம் பழைய மாதிரியேதான். சரி, அதை விடு.

ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளச் சொல்லி உன்னிடம் புதிதாக நாயை விட வருகிறவர்களிடம் உன் சொந்த நம்பரைக் கொடுக்காதே. தனியாக ஒரு சிம் வாங்கி அதில் வாட்ஸ்அப் பிசினஸ் போட்டுக்கொள். உன் பேங்க், ஆதார் ஓடிபி எல்லாம் இந்தப் பழைய நம்பரில்தானே வருகிறது? ஜிபேயில் அந்தப் பத்து இலக்கத்தை அடித்தாலே உன் முழுப் பெயரும் வந்து நிற்கிறது. யுபிஐ ஐடியிலும் நம்பரே இருந்தால் அதை மாற்றிவிடு, நம்பர் இல்லாமலும் ஐடி வைத்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் உன் படம் தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி வை. முன்பணம் அனுப்புகிறேன், உன் யுபிஐ ரகசிய நம்பரை (PIN) போடு என்று எவனாவது சொன்னால் போடவே போடாதே, பணம் வாங்குவதற்கு அந்த ரகசிய நம்பர் தேவையே இல்லை.

வேளச்சேரியில் எட்டு வீட்டுச் சாவி உன்னிடம் இருக்கிறது என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். ஊருக்குப் போகிறவர்கள் வீட்டையும் நாயையும் நம்பி விட்டுப் போகிறார்கள் என்றால் அது சின்ன விஷயமா? ஆனால் முன்பின் தெரியாதவரை நேராக உன் வீட்டு வாசலுக்கே வரச் சொல்கிறாயே, அது எனக்குப் பிடிக்கவில்லை. முதல் தடவை பார்க்கில் பார், சாயங்காலம், ஆட்கள் இருக்கிற நேரத்தில். ரேபிஸ் ஊசி போட்ட புத்தகத்தைக் கொண்டு வரச் சொல். அதில் டாக்டர் பேர் இருக்கும், கேட்டுக்கொள்ளலாம். நாயே இல்லாதவனால் அதைக் காட்ட முடியாது. அப்புறம் பால்கனியில் நாயை வைத்துப் படம் போடாதே, எதிர்க் கட்டடத்துப் பெயர்ப் பலகை அப்படியே தெரிகிறது.

சொந்த நம்பர் வேண்டாம், மறுபடியும் சொல்கிறேன்.

போன மாதம், "யாருப்பா அந்த ஆளுக்கு என் நம்பரைக் கொடுத்தது" என்று கேட்டாய். தெரியாது என்றேன். நான்தான் கொடுத்தேன். உன் விசிட்டிங் கார்டைப் பென்ஷன்காரர்கள் குரூப்பில் போட்டேன், பெருமைக்குத்தான் போட்டேன். அதைப் பார்த்துவிட்டு ஒருவன் கூப்பிட்டான். அவசரமாக ஊருக்குப் போகிறேன், நாயை எங்கே கொண்டு வந்து விடட்டும் என்று மரியாதையாகத்தான் கேட்டான். பால் பூத்துக்கு எதிரே, இரண்டாவது மாடி என்று சொல்லிவிட்டேன். 34 வருஷம் கும்பகோணத்தில் தபால் பை தூக்கினேன், எவன் வந்து கேட்டாலும் இன்னார் வீடு இது என்று ஒரு நாளும் காட்டியதில்லை. என் பெண்ணுடைய விலாசத்தை நானே வாயைத் திறந்து சொல்லியிருக்கிறேன்.

அவன் ராத்திரி பதினோரு மணிக்கு உன் வீட்டுக்குக் கீழே வந்து நின்றதை நீ எங்களிடம் சொல்லவில்லை. உன்னோடு தங்கியிருக்கிற பெண் அம்மாவிடம் சொன்னாள், அவளைக் கோபிக்காதே. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. மறுபடி வந்தால் 112-க்குப் போன் பண்ணு, நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று பார்க்காதே. குரூப்பிலிருந்து கார்டை எடுக்கப் பார்த்தேன், நாளாகிவிட்டதால் எடுக்க முடியவில்லை. அதனால் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு அழிக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்னும் ஆறு பேர் பாக்கி.

வீடு மாற்ற வேண்டும் என்றால் அட்வான்ஸ் பணம் நான் தருகிறேன். புது நம்பர் வாங்கினால் அம்மாவுக்கு மட்டும் கொடு. எனக்கு இப்போது வேண்டாம்.

அப்பா