வெள்ளிக் கட்டு பட்டாசு வட்டாரத்துக்கு வர வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடும் தீக்காயங்களை ஆற்றும் வெள்ளி கலந்த கட்டுகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அரசு மருத்துவமனை ஒன்றின் தீக்காயப் பிரிவில் நெடுங்காலம் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில், அதில் இடம்பெறாத சிலவற்றை எழுத விரும்புகிறேன்.

ஆழமான தீக்காயத்தில் கருகிய தோலுக்கு இரத்த ஓட்டம் இருக்காது. ஆகவே, எவ்வளவு உயர்ந்த நுண்ணுயிர்க்கொல்லியை ஊசியில் ஏற்றினாலும் அது அங்கே போய்ச் சேருவது அரிது. மருந்தைப் புண்ணின் மேலேயே வைத்தாக வேண்டும். முதல் ஓரிரு நாட்களில் மயிர்க்கால்களிலும் வியர்வைச் சுரப்பிகளிலும் தப்பிக் கிடந்த கிருமிகள் பெருகும். ஒரு வாரம் ஆவதற்குள் நோயாளியின் குடலிலிருந்தும் வார்டின் சூழலிலிருந்தும் சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் வந்துவிடும். பச்சை படிந்த காஸ் துணியையும் ஒருவித இனிப்பு வாடையையும் வைத்தே, பரிசோதனை முடிவு வரும் முன்பே, அது வந்துவிட்டதைப் பழகிய செவிலியர் சொல்லிவிடுவார்.

வெள்ளியின் கிருமிக்கொல்லும் குணம் புதிய கண்டுபிடிப்பன்று. அமெரிக்க மருத்துவர் மோயர் 1965-இல் 0.5 விழுக்காடு வெள்ளி நைட்ரேட் கரைசலில் நனைத்த கட்டுகளைக் கையாண்டார். அவை காயாதபடி அடிக்கடி நனைக்க வேண்டியிருந்தது, படுக்கை விரிப்பு முதல் கைவிரல் வரை எல்லாம் கறுத்தன, நோயாளியின் உடலில் உப்புச்சத்தும் குறைந்தது. 1968-இல் சார்லஸ் ஃபாக்ஸ் அறிமுகப்படுத்திய சில்வர் சல்ஃபாடயசின்தான் இன்றும் நம் மருத்துவமனைகளில் தீக்காயத்துக்குப் பூசப்படும் வெள்ளைக் களிம்பு. விலை மலிவு, எத்தனையோ உயிர்களைக் காத்த மருந்து, அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அதை நாள்தோறும் ஒருமுறையோ இருமுறையோ கழுவிவிட்டு மீண்டும் பூச வேண்டும். ஒட்டிக்கொண்ட காஸை ஊறவைத்து எவ்வளவு மெதுவாகப் பிரித்தாலும், ஓரங்களில் அப்போதுதான் படரத் தொடங்கிய மெல்லிய தோலும் அதோடு சேர்ந்து வந்துவிடும். வலி மருந்து கொடுத்த பிறகும், டிரெஸ்ஸிங் டிராலி வார்டுக்குள் வரும் ஓசை கேட்டவுடனே அழத் தொடங்கும் பிள்ளைகள் உண்டு.

மிக நுண்ணிய வெள்ளித் துகள்கள் கொண்ட நானோ வெள்ளிக் கட்டின் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது. வெள்ளியைச் சிறிது சிறிதாக வெளிவிடும் இவ்வகைக் கட்டுகளை மூன்று நாட்கள் வரையும், சிலவற்றை ஏழு நாட்கள் வரையும் அவிழ்க்காமல் விடலாம். தோலின் முழு ஆழத்தையும் எட்டாத தீக்காயங்களைப் பற்றி பல மருத்துவ ஆய்வுகளை ஒன்றுசேர்த்து மதிப்பிட்டு 2013-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பும், வெள்ளைக் களிம்பை விடச் சிலிகான் பூசிய கட்டுகளிலும் வெள்ளிக் கட்டுகளிலும் புண் நன்றாக ஆறியதாகவே கண்டது. அந்த ஆய்வுகள் பலவற்றின் தரம் போதாது என்பதையும் அதுவே சொல்லிவிட்டது. தோல் முழுவதும் வெந்துபோன இடத்தில் எந்தக் கட்டும் புதுத் தோலை வளர்த்துவிடாது. கருகியதை முதல் சில நாட்களுக்குள் சீவி எடுத்துவிட்டு, உடலின் வேறு இடத்துத் தோலை எடுத்து ஒட்டு வைப்பதே வழி என்பதை ஸ்லோவேனியாவின் மாரிபோர் நகர மருத்துவர் சோரா யான்செகோவிச் 1970-லேயே எழுதிவிட்டார். வெள்ளிக் கட்டு அதுவரை கிருமியைத் தடுத்து நிறுத்தும் காவல் மட்டுமே. அதிசய மருந்து என்று எழுதினால், அறுவை சிகிச்சைக்கு இசைய வேண்டிய குடும்பங்கள் தயங்கி நாளைக் கடத்திவிடும்.

நம் மாநிலத்தில் இது முதலில் சென்று சேர வேண்டிய இடம் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரம். முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் 2012 செப்டம்பரில் நடந்தது போன்ற பெரு விபத்துகள் மட்டுமே நினைவில் நிற்கின்றன. ஓரிருவர் கருகும் சிறு விபத்துகள் செய்தித்தாளில் நாலு வரியோடு முடிந்துவிடுகின்றன. அங்கிருந்து மதுரைக்கு அனுப்பப்படுவோருக்கு வழக்கமாக நேரும் ஒரு சங்கடம் உண்டு: புறப்படும் முன் நல்லெண்ணத்தோடு அப்பிவிடும் வெள்ளைக் களிம்பு புண்ணின் மேல் ஏடு போல் படிந்து, காயத்தின் ஆழத்தை மறைத்துவிடுகிறது. போய்ச் சேர்ந்த இடத்தில் அதைச் சுரண்டி எடுத்த பிறகே மருத்துவரால் எதையும் முடிவு செய்ய முடிகிறது. வீட்டில் புண்ணின் மேல் அப்பும் இட்லி மாவு, பேனா மை, பற்பசை ஆகியவற்றைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை. காயத்தின் மேல் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீர் ஓட வேண்டும். காயம் பெரிதானால் உடம்பின் மற்ற பகுதிகளைக் குளிராமல் போர்த்த வேண்டும். சுத்தமான துணியால் மூடி அனுப்பினால் போதும்.

வெள்ளிக் கட்டுத் தாள் ஒன்றின் விலையைப் பார்த்து அதிகாரிகள் மலைப்பது இயல்பே. ஆனால் கணக்குப் போடும்போது, தினமும் செலவாகும் காஸ், வலி மருந்து, இரண்டு செவிலியரின் நேரம், நோயாளி கூடுதலாகப் படுத்திருக்கும் நாட்கள் ஆகிய அனைத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். மருந்துகளை மொத்தமாக வாங்கி விலையைக் குறைப்பதில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் தொடங்கிய காலம் முதல் பெயர் பெற்றது. அக்கழகம் இக்கட்டுகளை விருதுநகர் மாவட்ட அரசு மருத்துவமனைகளில், குறிப்பாகத் தீபாவளிக்கு முந்தைய மாதங்களில், தட்டுப்பாடின்றி இருப்பு வைக்க ஆவன செய்ய வேண்டும்.

அதோடு செவிலியருக்கு அரை நாள் பயிற்சியும் அவசியம். நானோ வெள்ளிக் கட்டை டிஸ்டில்டு வாட்டரில்தான் நனைக்க வேண்டும். பழக்கத்தில் சலைன் (உப்புக் கரைசல்) பாட்டிலை எடுத்து ஊற்றினால், அதிலுள்ள குளோரைடு வெள்ளியோடு சேர்ந்து, விலை கொடுத்து வாங்கிய கட்டின் வீரியத்தைக் கெடுத்துவிடும். இதைக் கட்டு வைக்கும் அறையின் சுவரில் எழுதி ஒட்டினாலும் நல்லதே.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
விருதுநகர் மாவட்டம்