மனரோலா (இத்தாலி) திராட்சைத் தோட்டக்காரர் சங்கம்: 2024ஆம் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், மலையேறி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். எனக்கு, மலைச்சரிவில் நம் தோட்ட அடுக்குகளைத் தாங்கும் கல்சுவர்களைப் பற்றித்தான் சொல்ல இருக்கிறது.

இந்த ஆண்டும் நம் உழைப்பில் பெரும்பகுதி சுவரிலேயே போனது. சாந்து வைக்காமல் அடுக்கியவை என்பதால் மழைநீர் கல்லிடுக்கு வழியே கசிந்து இறங்கிவிடும். இடுக்கில் மண் அடைத்தால் தண்ணீர் பின்னால் தேங்கி, சுவர் வயிறு தள்ளும். அப்போதே பிரித்துக் கட்டினால் பிழைத்தோம். விட்டால் மேல் அடுக்கும் சேர்ந்து சரியும். சொந்தக்காரர்கள் ஜெனோவாவிலும் மிலானிலும் இருக்கும் தோட்டங்களில்தான் இந்தத் தொல்லை அதிகம். கடிதம் போட்டோம், சிலர் பதில் எழுதினார்கள். காட்டுப்பன்றிகள் வேறு, கிழங்கு தேடி அடிக்கல்லையே புரட்டுகின்றன. 2011 அக்டோபர் 25 மழையில் பக்கத்து ஊர்களான வெர்னாட்சாவும் மொன்டரோஸ்ஸோவும் சேற்றில் புதைந்ததை இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை.

சாந்தில்லாச் சுவர் கட்டும் கலையை யுனெஸ்கோ 2018இல் மரபுப் பட்டியலில் சேர்த்தது. சந்தோஷம்தான். பட்டியல் வந்து கல் தூக்கப் போவதில்லை.

2012 பாறைச்சரிவில் மூடிய காதலர் பாதை என்ற கடலோர நடைபாதை ஜூலையில் முழுவதுமாகத் திறந்தது. பக்கத்து ஊரான ரியோமஜ்ஜோரேயிலிருந்து மறுபடி நடந்தே வரலாம். விடுதிக்காரர்களுக்கு நல்ல காலம். நமக்கோ அறுவடைக்கு ஆள் கிடைப்பது இன்னும் கஷ்டமாகிவிட்டது: அறையைச் சுத்தம் செய்தால் கிடைக்கும் கூலிக்கு, இடுப்புயரப் பந்தலின் கீழ் குனிந்து கொத்து அறுக்க யார் வருவார்கள்? படம் எடுக்கச் சுவர்மேல் ஏறும் பயணிகளுக்காகப் பலகை வைத்தோம். இப்போது பலகையோடு சேர்த்துப் படம் எடுக்கிறார்கள்.

2023இல் இத்தாலி முழுவதும் திராட்சைக் கொடிகளை ஆட்டிய அடிச்சாம்பல் நோயை நினைத்து, இம்முறை போர்டோ கலவையை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்து) முன்கூட்டியே அடிக்கச் சொல்லியிருந்தோம். பெரும்பாலோர் கேட்டார்கள். கூடைகளை இறக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டி நடுவில் மக்கர் செய்ததால், சில நாள் பழையபடி தோளில்தான் சுமந்தோம். போஸ்கோ, அல்பரோலா, வெர்மென்டினோ என்ற திராட்சை வகைகள் மூன்றிலும் நல்ல கொத்துகளை, ஷாக்கெத்ரா என்ற நம் இனிப்பு ஒயினுக்காக நிழலில் உலர்த்தினோம். நவம்பர் 1க்கு முன் பிழியக் கூடாது என்ற விதியை எல்லோரும் மதித்தார்கள். காய்ந்த பழத்தில் சாறு கொஞ்சம்தான் தேறும். அதைக் குறைந்த விலைக்குக் கேட்கும் வியாபாரிக்குத் தர வேண்டாம் என்பது என் கருத்து.

குளிர்காலச் சுவர் வேலைக்குப் பெயர் கொடுக்காதவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள். கையுறை சங்கம் தரும். கடப்பாரை மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும். சங்கத்திலிருந்து இரவல் போனவை இன்னும் திரும்பவில்லை.

இப்படிக்கு,
செயலாளர்