மார்க் போடுகிறவர் மருத்துவம் பார்க்கக் கூடாது: மருத்துவக் கல்லூரி முதல்வர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய முதல்வர்களுக்கும், மாணவர் நலக் குழுக்களில் இருப்பவர்களுக்கும் வணக்கம்.

நான் நுண்ணுயிரியல் ஆசிரியர். பாடம் எடுப்பதோடு மருத்துவமனையின் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவிலும் நீண்ட காலம் இருந்திருக்கிறேன். மருத்துவமனையில் யாருக்காவது ஊசி குத்திவிட்டால் அந்தத் தகவல் எங்களுக்குத்தான் வந்து சேரும். செவிலியர்களிடமிருந்து வரும், லேப் டெக்னீஷியன்களிடமிருந்து வரும். குப்பைப் பையில் யாரோ போட்ட ஊசி குத்தியதாகத் துப்புரவுப் பணியாளர்களிடமிருந்தும் வரும். மாணவர்களிடமிருந்து மட்டும் அரிதாகத்தான் வரும். அவர்களுக்கு ஊசி குத்துவதே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. வார்டில் யாருக்குக் கை நடுங்கும்? புதிதாக ரத்தம் எடுக்கப் பழகுகிறவருக்குத்தான். குத்துகிறது, ஆனால் அவர்கள் வெளியே சொல்வதில்லை.

ஒரு மாணவர் பாடத்தில் சந்தேகம் கேட்கிற மாதிரி என் அறைக்கு வந்தார். "மேடம், எச்.ஐ.வி. ரத்தம் பட்ட ஊசி குத்தினா எத்தனை மணி நேரத்துக்குள்ள மருந்து ஆரம்பிக்கணும்?" என்றார். கேட்கும்போது இடது கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மடக்கி வைத்திருந்தார். அதில் பிளாஸ்திரி. விசாரித்தால், முந்தைய நாள் மாலை ரத்தம் எடுத்த ஊசிக்கு மறுபடி மூடி போடும்போது குத்தியிருக்கிறது. க்ளவுஸைக் கழற்றிப் போட்டுவிட்டு, விரலை அழுத்தி ரத்தத்தைப் பிழிந்து, ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு ஹாஸ்டலுக்குப் போய்விட்டார். இரவு முழுக்கத் தூங்கவில்லை. யூனிட் தலைவரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அடுத்த மாசம் வைவாவுக்கு அவர்தான் மேடம் எக்ஸாமினர்" என்றார்.

ஊசிக்கு மறுபடி மூடி போடக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். விரலைப் பிழியக் கூடாது, சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவினால் போதும் என்பதும் தெரியும். பரீட்சையில் கேட்டால் சரியாக எழுதுவார். எந்த மருந்து, எத்தனை நாள் என்பதுகூடத் தெரிந்திருந்தது. யாரிடம் போவது என்பதுதான் தெரியவில்லை. போகக்கூடிய ஒரே ஆள், அவருக்கு மார்க் போடப்போகிற ஆளாக இருந்தார்.

இதில் நேரம் எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும், மாணவரின் பெற்றோரும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன். எச்.ஐ.வி. உள்ள ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்று வருகிற வாய்ப்பு ஏறக்குறைய 0.3 சதவீதம். அந்தக் குறைந்த வாய்ப்பையும் இன்னும் குறைக்க மருந்து இருக்கிறது. ஆனால் அதைச் சில மணி நேரத்துக்குள் தொடங்குவதுதான் நல்லது, 72 மணி நேரம் தாண்டிவிட்டால் பெரிதாகப் பயனில்லை. தொடங்கினால் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். ஹெபடைடிஸ் பி இதைவிடப் பொல்லாதது. தடுப்பூசி போடாதவருக்கு, நோயாளியின் ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்து, 6 முதல் 30 சதவீதம் வரை வாய்ப்பு உண்டு. ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பூசியே இல்லை. ஆனால் தொடர்ந்து ரத்தப் பரிசோதனை செய்து கண்டுபிடித்துவிட்டால், இன்றுள்ள மாத்திரைகளில் பெரும்பாலும் முழுக்கக் குணமாகிவிடும். அந்தத் தொடர் பரிசோதனை நடக்க வேண்டுமென்றால், ஊசி குத்திய விஷயம் முதல் நாளே எங்காவது பதிவாகியிருக்க வேண்டும்.

என் முதல் கோரிக்கை இதுதான்: மாணவருக்கு மருத்துவம் பார்க்கிறவரும் மாணவரை மதிப்பிடுகிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. இது நான் புதிதாகக் கண்டுபிடித்த யோசனை இல்லை. அமெரிக்காவில் மருத்துவப் பட்டப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தருகிற எல்.சி.எம்.இ. அமைப்பு இதை ஒரு தனி விதியாகவே வைத்திருக்கிறது. மனநல ஆலோசனை உட்பட மாணவருக்குச் சிகிச்சை தருகிற எவரும், அந்த மாணவரை மதிப்பிடுவதிலோ தேர்ச்சி முடிவிலோ பங்கெடுக்கக் கூடாது. மாணவரின் மருத்துவப் பதிவுகளும் ரகசியமாகக் காக்கப்பட வேண்டும். ஊசி குத்தினாலோ தொற்று ஏற்பட்டாலோ என்ன செய்வது, செலவு யாருடையது என்பதை மாணவர் வார்டில் கால் வைப்பதற்கு முன்பே அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்றும் ஒரு விதி இருக்கிறது. வேறு ஊர் மருத்துவமனைக்குப் போஸ்டிங் போகிற மாணவருக்கும், வெளியிலிருந்து நம்மிடம் வருகிற மாணவருக்கும் இதே பாதுகாப்பு உண்டு. இவற்றைப் பின்பற்ற அந்த நாட்டில் இருக்க வேண்டும் என்பதில்லை. எந்தக் கல்லூரியின் கல்விக் குழுவும் ஒரே கூட்டத்தில் முடிவெடுத்து நடைமுறைப்படுத்திவிடலாம்.

இங்கே சிக்கல் என்னவென்றால், மருத்துவ மாணவர் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. அவர் ஊழியர் இல்லை, அதனால் ஊழியர் நலப் பிரிவு அவரைப் பார்ப்பதில்லை. வார்டில் படுத்திருக்கிற நோயாளியும் இல்லை. கல்லூரியைக் கேட்டால் மருத்துவமனையைக் கேள் என்பார்கள், மருத்துவமனையைக் கேட்டால் கல்லூரியைக் கேள் என்பார்கள். ஆனால் நோயாளி இருமும்போது படுக்கையோரம் நிற்பதும், ரத்தக் குப்பியை லேபுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதும், இரவு கேஷுவால்டியில் குடிபோதையில் கையை ஓங்குகிறவர் எதிரில் நிற்பதும் அவர்தான். அத்தனை ஆபத்திலும் பங்கு உண்டு, பாதுகாப்பில் மட்டும் பங்கில்லை. ஆகவே கல்லூரிக்கு ஒருவரை, பெயர் சொல்லி, இதற்குப் பொறுப்பாளராக நியமியுங்கள். மாணவர்களின் உடல்நலமும் பாதுகாப்பும் அவருடைய வேலை. அவர் யாருக்கும் மார்க் போடமாட்டார், துறைத்தலைவர்களிடம் அனுமதி கேட்டு நிற்கமாட்டார், நேரடியாக உங்களிடம் பேசுவார். "குழு" என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். குழு கூடுவதற்குள் 72 மணி நேரம் போய்விடும்.

அப்புறம் தடுப்பூசி. ஹெபடைடிஸ் பி மூன்று டோஸ் போட்டதற்கான சான்றிதழ் அட்மிஷன் ஃபைலில் இருந்தால் போதும் என்று பல இடங்களில் நினைக்கிறார்கள். போட்ட எல்லோருக்கும் எதிர்ப்புச் சக்தி வந்துவிடுவதில்லை. கடைசி டோஸுக்கு ஒன்று இரண்டு மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை செய்து, ஆன்டிபாடி மில்லி லிட்டருக்கு 10 மில்லி இன்டர்நேஷனல் யூனிட்டாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் மறுபடி போட வேண்டும். அதற்குப் பிறகும் வரவில்லையென்றால் அந்த மாணவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் ஊசி குத்தினால் அவருக்கான சிகிச்சையே வேறு. வார்டு போஸ்டிங் தொடங்குமுன் முடித்துவிடக்கூடிய வேலை இது. காசநோய் வார்டுக்கு அனுப்புகிற மாணவருக்கு என்-95 முகக்கவசம் கொடுப்பதும், அது அவர் முகத்தில் இடைவெளி இல்லாமல் பொருந்துகிறதா என்று சோதிப்பதும் அதே மாதிரிதான். உடற்கூறியல் கூடத்து ஃபார்மலின் வாடை ஏதோ மாணவர்கள் பழகிக்கொள்ள வேண்டிய சடங்கு போலப் பேசப்படுகிறது. ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே வகைப்படுத்திவிட்டது. கூடத்தில் காற்றை வெளியேற்றும் விசிறி ஓடுகிறதா என்று ஒரு தடவை நேரில் போய்ப் பாருங்கள்.

மனநலத்துக்கு வருகிறேன். ஊசி குத்தியதை மறைப்பதற்கும் இதை மறைப்பதற்கும் காரணம் ஒன்றே. 2016-ல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் ஒரு பெரிய தொகுப்பாய்வு வெளியானது. 40-க்கும் மேற்பட்ட நாடுகளில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மருத்துவ மாணவர்களைப் பற்றிய ஆய்வுகளை அதில் சேர்த்துப் பார்த்தார்கள். மன அழுத்த நோய் அல்லது அதன் அறிகுறிகள் 27.2 சதவீதம் பேருக்கு இருந்தன. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் 11.1 சதவீதம் பேருக்கு. இந்த இரண்டு எண்களையும் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே ஆய்வில் மூன்றாவதாக ஓர் எண் இருக்கிறது, என்னை அதிகம் உலுக்கியது அதுதான். மன அழுத்தம் இருப்பதாகத் தெரியவந்தவர்களில் சிகிச்சைக்குப் போனவர்கள் 15.7 சதவீதம் மட்டுமே. மருத்துவமனைக்குள்ளேயே நாளைக் கழிக்கிறவர்கள். மனநலப் பிரிவு அவர்கள் தினமும் நடக்கிற நடைபாதையில்தான் இருக்கிறது. அந்தக் கதவைத் திறந்தால் உள்ளே உட்கார்ந்திருப்பவர், அடுத்த போஸ்டிங்கில் தன்னிடம் கேஸ் கேட்கப்போகிறவர். வெளியே காத்திருக்கிற நோயாளிகளோடு உட்கார்ந்தால் கூடப் படிக்கிறவர்கள் கண்ணில் படும். எப்படிப் போவார்கள்?

இதற்கு வழி இருக்கிறது. கல்லூரிக்கு வெளியே, கல்லூரியோடு தொடர்பில்லாத மனநல மருத்துவர்களுடன் ஏற்பாடு செய்யுங்கள். செலவைக் கல்லூரி ஏற்கட்டும். யார் போனார்கள் என்ற பட்டியல் உங்கள் மேசைக்கு வரக் கூடாது, எத்தனை பேர் போனார்கள் என்ற எண்ணிக்கை வந்தால் போதும். சிகிச்சைக்குப் போகிற நேரத்தை அட்டெண்டன்ஸில் கழிக்காதீர்கள். நீரிழிவோ வலிப்போ உள்ள மாணவர், கர்ப்பமாக இருக்கிற மாணவி, எல்லோருக்கும் இது பொருந்தும். செக்கப்புக்குப் போவதற்குக்கூடத் துறைத்தலைவரிடம் தன் நோயைச் சொல்லி அனுமதி கேட்க வேண்டிய நிலை ஒருவருக்கும் வரக் கூடாது.

தூக்கத்தைப் பற்றிப் பேசினால் "நாங்கள் எல்லாம் எப்படிப் படித்தோம் தெரியுமா" என்று ஒரு பதில் வரும். தெரியும், நானும் அப்படித்தான் படித்தேன். ஆனால் தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்குக் குறைந்துவிடுகிறது என்று 1997-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். 2004-ல் அமெரிக்காவில் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் செய்த சோதனையில், வழக்கமான நீண்ட டூட்டி பார்த்த பயிற்சி மருத்துவர்கள், டூட்டி நேரம் குறைக்கப்பட்டபோது செய்ததைவிட ஏறக்குறைய 36 சதவீதம் அதிகமாகப் பெரிய தவறுகள் செய்தார்கள். நியூயார்க் மாநிலம் 1989-ல் பயிற்சி மருத்துவர்களுக்கு வாரம் 80 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. அதற்குக் காரணம் 1984-ல் லிபி சயான் என்ற 18 வயது நோயாளியின் மரணம். பயிற்சி மருத்துவர்கள் களைத்துப்போன காலமெல்லாம் யாரும் அசையவில்லை, நோயாளி இறந்த பிறகுதான் விதி வந்தது. நம் கல்லூரியிலும் அப்படி ஒன்று நடக்கட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. இரவு டூட்டி பார்த்த மாணவருக்கு மறுநாள் காலை வகுப்பு வைக்காதீர்கள். டூட்டி அறைக்கு உள்ளிருந்து பூட்டுகிற தாழ்ப்பாள் இருக்கட்டும். ஹாஸ்டலுக்குப் போகிற வழியில் விளக்கு எரியட்டும். இதையெல்லாம் கேட்டு வாங்க வேண்டியிருப்பதே வருத்தமாக இருக்கிறது.

நம் துறைக்குத் தியாகத்தைப் புகழ்கிற பழக்கம் உண்டு. பெரு நாட்டில் டேனியல் காரியோன் என்ற மருத்துவ மாணவர், ஒரு நோயை ஆராய அதன் மருவிலிருந்து எடுத்ததைத் தன் உடலிலேயே செலுத்திக்கொண்டு 1885 அக்டோபர் 5 அன்று இறந்தார். அந்த நாளை அங்கே மருத்துவ நாளாகக் கொண்டாடுகிறார்கள். அவர் மீது எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் அந்தக் கதையை வகுப்பில் சொல்லும்போது, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற பையன் "அப்படியென்றால் என் விரலில் குத்தியது ஒரு விஷயமா" என்று நினைத்துக்கொள்கிறான். அதனால் நான் கூடவே கொலெட்ஷ்காவின் கதையையும் சொல்வேன். 1847-ல் வியன்னாவில் பிணப் பரிசோதனையின்போது ஒரு மாணவரின் கத்தி பட்டு, காயத்தில் தொற்று ஏறி இறந்த பேராசிரியர் அவர். அந்த மரணத்தை மறைக்காமல், அவருடைய பரிசோதனை அறிக்கையை உட்கார்ந்து படித்ததால்தான், பிரசவ வார்டில் தாய்மார்கள் ஏன் இறக்கிறார்கள் என்பது அங்கே பிரசவ மருத்துவராக இருந்த செம்மல்வைஸுக்குப் பிடிபட்டது. கை கழுவும் பழக்கம் அங்கிருந்து வந்தது. ஒரு சிறு காயம் பதிவாவதால் எத்தனை உயிர் பிழைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

பதிவு என்றதும் இன்னொன்று. ஒரு வருடத்தில் மாணவர்களுக்கு ஊசி குத்திய சம்பவம் ஒன்றுகூட இல்லை என்று அறிக்கை வந்தால் திருப்திப்படாதீர்கள். அது மாணவர்கள் பயப்படுகிறார்கள் என்பதற்கான அறிக்கை. புதிய ஏற்பாடு நன்றாக வேலை செய்தால் முதல் ஆண்டில் எண்ணிக்கை கூடத்தான் செய்யும். அதைப் பார்த்துப் பொறுப்பாளரைக் கடிந்துகொள்ளாதீர்கள். பெயர்கள் இல்லாமல், எத்தனை சம்பவம், எத்தனை மணி நேரத்தில் முதல் டோஸ் கொடுக்கப்பட்டது என்பதை ஆண்டுதோறும் மாணவர்களுக்கே வெளியிடுங்கள்.

இந்த மடலுக்கு நீங்கள் பதில் எழுத வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு, உங்கள் கல்லூரி மாணவர் கையேட்டில் அவசர உதவிக்கு என்று போட்டிருக்கிற எண்ணை, முதல்வர் என்று சொல்லாமல், அழைத்துப் பாருங்கள். யார் எடுக்கிறார்கள், எடுத்தவர் முதலில் என்ன கேட்கிறார், முதல் டோஸ் மருந்து அந்த நேரத்தில் எந்த அலமாரியில் இருக்கிறது, அதன் சாவி யாரிடம் என்று விசாரியுங்கள். கிடைக்கிற பதிலை வைத்துக்கொண்டு மறுநாள் காலை அந்தப் பொறுப்பாளரை நியமிக்கிற ஆணையில் கையெழுத்துப் போடுங்கள்.

அன்புடன்,
ஒரு நுண்ணுயிரியல் ஆசிரியர்