எழுந்தால் கண்ணைக் கட்டுகிறதா?

அன்புள்ள கண்ணு,

ராத்திரி போனில் நீ சொன்னதை வைத்து இதை எழுதுகிறேன். வாயால் சொன்னால் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிடுவாய். அளவுகளும் நிறைய இருக்கின்றன. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்துக்கொள்.

சோறு, இட்லி, சப்பாத்தி, பழம் எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தி இன்றைக்கு ஐந்தாம் நாள். கட்டிலை விட்டு எழுந்தால் கண்ணைக் கட்டுகிறது, மெட்ரோ படி ஏறினால் கால் பஞ்சாகிப் போகிறது, மத்தியானம் 3 மணிக்குத் தலை மேசையில் சாய்கிறது என்கிறாய். மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டிச் சாப்பிடுகிற இந்தக் கீட்டோ டயட்டைத் தொடங்குகிறவர்களுக்கு இரண்டாம் மூன்றாம் நாளில் ஆரம்பித்து ஒரு வாரம், சிலருக்கு இரண்டு வாரம் வரை இருப்பதுதான் இது. 'கீட்டோ காய்ச்சல்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். காய்ச்சலும் இல்லை, கிருமியும் இல்லை. பெரும்பாலும் உப்பும் தண்ணீரும் உடம்பை விட்டுப் போனதுதான் காரணம்.

ஆனால் முதலில் ஒன்றைப் பிரித்துப் பார். எழுந்து நிற்கும்போது கண் இருட்டி, உட்கார்ந்ததும் தெளிகிறதா? இல்லை, படுக்கையில் புரண்டு படுத்தாலே அறை முழுக்கச் சுற்றுகிறதா? இரண்டாவது என்றால் அது பெரும்பாலும் காது சம்பந்தப்பட்டது. எத்தனை உப்பு குடித்தாலும் தீராது, காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார். நீ சொன்னது முதலாவது மாதிரிதான் தெரிகிறது. நாள் தள்ளிப்போயிருந்தால் வேறு எதையும் செய்வதற்கு முன் கர்ப்பப் பரிசோதனை செய்துவிடு. கர்ப்பமென்றால் இந்த டயட்டை அன்றைக்கே நிறுத்திவிட வேண்டும்.

உள்ளே நடப்பது இதுதான். ஈரலிலும் தசையிலும் சேர்த்து ஏறக்குறைய 400–500 கிராம் மாவுச்சத்து கிளைகோஜனாகச் சேமிப்பில் இருக்கும். அதில் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். மாவுச்சத்தை நாளுக்கு 20–30 கிராமாகக் குறைத்தால் இரண்டு மூன்று நாளில் அந்தச் சேமிப்பு பெருமளவு கரையும், கூடவே தண்ணீரும் போகும். இந்த ஐந்து நாளில் 2 கிலோ குறைந்துவிட்டது என்று குதித்தாயே, அதில் கொழுப்பு கொஞ்சம்தான். அதோடு நிற்பதில்லை. இன்சுலின் இறங்கியதும், உப்பைப் பிடித்துவைக்கும் வேலையைச் சிறுநீரகம் தளர்த்திவிடுகிறது. சோடியம் சிறுநீரில் போகிறது, தண்ணீர் அதன் பின்னாலேயே போகிறது. ரத்தத்தின் கனஅளவு குறைகிறது. படுத்திருக்கும்போது தெரியாது. எழுந்தவுடன் ரத்தம் காலுக்கு இறங்க, மூளைக்கு ஏறுவது ஓரிரு நொடி குறைகிறது. உனக்குக் கண்ணைக் கட்டுவது அந்த நொடிதான்.

இன்னொன்றையும் பார். சோற்றை மட்டுமா விட்டாய்? சாம்பார், ஊறுகாய், அப்பளம், பிரெட், பிஸ்கெட், மிக்சர் எல்லாமும் போய்விட்டன. உப்பில் நிறைய அவற்றோடுதான் உள்ளே வந்துகொண்டிருந்தது. வெளியே போவது கூடிய நேரத்தில் உள்ளே வருவதும் குறைந்துவிட்டது.

ஊகிக்க வேண்டாம், அளந்து பார். பக்கத்து மருந்துக்கடையில் பி.பி. மெஷின் கிடைக்கும், மேல்கையில் கட்டுகிற வகையை வாங்கு. ஐந்து நிமிடம் அசையாமல் படுத்து ஒரு தடவை பார். எழுந்து நின்று, 1 நிமிடத்தில் ஒரு தடவை, 3 நிமிடத்தில் ஒரு தடவை. மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் ஆஸ்பத்திரி வார்டில் அதைக் கணக்கில் எடுப்போம். பி.பி. இறங்காமல் நாடித்துடிப்பு மட்டும் 30க்கு மேல் எகிறினாலும் தண்ணீர் குறைந்திருக்கலாம் என்று அர்த்தம். மூன்று எண்களையும் நாடியோடு சேர்த்து எழுதிவை.

இனி உப்புக் கணக்கு. உனக்கு பி.பி. இல்லை, சிறுநீரகப் பிரச்சினை இல்லை, மாத்திரை எதுவும் எடுப்பதில்லை என்பதால்தான் இதைச் சொல்கிறேன். நாளுக்கு 5 கிராமுக்குள் உப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது வழக்கமான சாப்பாட்டுக்கு. நான் சொல்வது இரண்டு வாரத்துக்கான ஏற்பாடு. சமையலில் நாள் முழுக்க ஒரு டீஸ்பூன் தூள் உப்பு, அதற்கு மேல் குடிக்கிறவற்றில் முக்கால் டீஸ்பூன். 5 மி.லி. அளவு ஸ்பூனில் தலைதட்டி எடு, ஒரு ஸ்பூன் ஏறக்குறைய 6 கிராம், அதில் சோடியம் 2,300 மில்லிகிராம். இரண்டும் சேர்ந்து சுமார் 4 கிராம் சோடியம் வரும். கல் உப்பு போடுவதாக இருந்தால் ஸ்பூனை நம்பாதே, இடைவெளி விட்டு நிற்பதால் குறைவாகப் பிடிக்கும், தராசில் போடு. இந்துப்பு விசேஷம் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு விட்டுவிடு. அதுவும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான், பொட்டாசியம் பேருக்குத்தான் இருக்கும், அயோடினும் பெரும்பாலும் சேர்த்திருக்க மாட்டார்கள்.

அந்த முக்கால் ஸ்பூனை மூன்றாகப் பிரித்துக்கொள். காலையில் 300 மி.லி. வெந்நீரில் கால் ஸ்பூன் உப்பு, அரை எலுமிச்சை. 11 மணிக்கு நீர்மோர்: இரண்டு மேசைக்கரண்டி தயிர், ஒரு டம்ளர் தண்ணீர், கால் ஸ்பூன் உப்பு, தட்டிய இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம். அதில் மாவுச்சத்து 2 கிராம்கூட வராது. சாயங்காலம் ஒரு கப் எலும்பு சூப்பில் கால் ஸ்பூன். அவசரப்பட்டு மூன்றையும் ஒரே டம்ளரில் கரைத்து வெறும் வயிற்றில் குடித்துவிடாதே, அரை மணி நேரத்தில் பேதியாகலாம். போனதைப் பிடிக்கப் போய் இருப்பதையும் விட்ட கதையாகிவிடும்.

சூப் ஞாயிற்றுக்கிழமை ஒரே தடவை வைத்துக்கொள். சுட்டுச் சுரண்டிய ஆட்டுக்கால் 4, ஒன்றரை லிட்டர் தண்ணீர், தட்டிய இஞ்சி பூண்டு, நாலைந்து சின்ன வெங்காயம், மிளகு, சீரகம், மஞ்சள்தூள். குக்கரில் முதல் விசில் வந்ததும் சிறு தீயில் ஒரு மணி நேரம். மேலே மிதக்கும் கொழுப்பை எடுக்காதே, அதுதான் உனக்குச் சாப்பாடு. உப்பை மட்டும் பானையில் போடாமல் குடிக்கும்போது கப்பில் போடு. எலும்பு சூப்பில் இயல்பாக உப்பு அதிகம் இல்லை, நாம் போடுவதுதான் வேலை செய்கிறது, அது எவ்வளவு என்று தெரிய வேண்டும். ஆட்டுக்கால் கிடைக்காவிட்டால் கோழி எலும்பு போதும். கடையில் விற்கும் சூப் கட்டி வேண்டாம், மாவும் சர்க்கரையும் கலந்தவை நிறைய.

தண்ணீர் இரண்டரை லிட்டர் போதும். தலைசுற்றுகிறது என்று நான்கு ஐந்து லிட்டர் வெறும் தண்ணீராகக் குடிப்பவர்களுக்கு மயக்கம் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை, இருக்கிற சோடியத்தையும் நீர்க்கச் செய்கிறார்கள். சிறுநீர் வெளிர் வைக்கோல் நிறத்தில் இருந்தால் சரி. இளநீரை நம்பாதே, ஒரு டம்ளரில் 9 கிராம் அளவுக்குச் சர்க்கரை போய்விடும், சோடியமும் உனக்குத் தேவையான அளவுக்கு இல்லை. ஓ.ஆர்.எஸ். பொடியில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ் இருக்கிறது, தினசரி குடிக்க அது உதவாது. ஆனால் வாந்தியோ பேதியோ வந்தால் டயட்டைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு அதைத்தான் குடிக்க வேண்டும். அந்தக் குளுக்கோஸ்தான் குடலில் சோடியத்தை உள்ளே இழுக்கிறது.

உப்பை இரண்டு நாள் சரியாக எடுத்தும் கெண்டைக்கால் பிடிக்கிறது, நெஞ்சு படபடக்கிறது என்றால் பொட்டாசியமும் மக்னீசியமும் குறைவாக இருக்கலாம். சோடியம் குறையும்போது அதைக் காப்பாற்ற உடம்பு பொட்டாசியத்தைச் செலவழிக்கிறது. கீரை ஒரு கப், காளான், மீன், தேங்காய்ப்பால் இவற்றைத் தினமும் சேர். கீரையை வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டாதே, பொட்டாசியம் அந்தத் தண்ணீரில்தான் போகும். மக்னீசியத்துக்குப் பூசணி விதை 30 கிராம், அதில் 150 மில்லிகிராம் இருக்கிறது. பொட்டாசியம் மாத்திரையையும், பொட்டாசியம் கலந்த 'லைட்' உப்பையும் டாக்டரைக் கேட்காமல் தொடாதே. அளவு மீறினால் இதயத்துடிப்பில் கைவைக்கும்.

களைப்புக்கு வருகிறேன். நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்டதற்கு மூன்று முட்டை, ஒரு கிண்ணம் வெள்ளரிக்காய், கொஞ்சம் கோழி என்றாய். அது கீட்டோ இல்லை கண்ணு, பட்டினி. மாவுச்சத்தையும் எடுத்துவிட்டுக் கொழுப்புக்கும் பயந்தால் உடம்பு எதை எரிக்கும்? நாளுக்கு 1,600 கலோரி என்று வைத்துக்கொள். மாவுச்சத்து 25 கிராம் 100 கலோரி, புரதம் 80 கிராம் 320 கலோரி. மிச்சம் 1,180, அதற்கு 130 கிராம் கொழுப்பு வேண்டும். எப்படி வரும் என்றால்: முட்டை மூன்றில் 15, பனீர் 100 கிராமில் 22, கெட்டித் தேங்காய்ப்பால் 100 மி.லி.யில் 20, பாதாம் 40 கிராமில் 20, நெய் இரண்டு மேசைக்கரண்டி, சமையல் எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, இவை இரண்டுமாக 54. 150 கிராம் கோழியோ மீனோ சேர்ந்தால் புரதமும் எட்டிவிடும். நெய்யை ஒரே வேளையில் ஊற்றிக்கொண்டால் குமட்டும், பிரித்துப் போடு.

இதோடு 16 மணி நேர விரதமும், காலை ஜிம்மும் வேறு. மூன்றையும் ஒரே வாரத்தில் யார் ஆரம்பிக்கச் சொன்னது? விரதத்தை ஒரு மாதம் தள்ளிப்போடு. ஜிம்முக்குப் பதில் முதல் இரண்டு வாரம் நடை மட்டும். மூளை பழகிவிட்டாலும் தசைக்குக் கொழுப்பை எரிக்கப் பழக மூன்று நான்கு வாரம் ஆகும், அதுவரை பழைய எடையைத் தூக்க முடியாதது இயல்பு. தலைவலிக்கு இன்னொரு காரணமும் தெரிகிறது. சர்க்கரையை விடுகிறேன் என்று காபியையே விட்டாயல்லவா? காபியை நிறுத்திய 12–24 மணி நேரத்தில் தலைவலி தொடங்கி ஒரு வாரம்கூட இருக்கும். சர்க்கரை இல்லாமல் ஒரு டம்ளர் குடி.

ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு விதிவிலக்கு என்றும் சொன்னாய். அன்றைக்குக் கிளைகோஜனும் தண்ணீரும் திரும்ப நிரம்பும், திங்கள் முதல் மறுபடி இறங்கும். வாரா வாரம் இதே ஐந்து நாளை அனுபவிப்பாய். விட்டால் விடு, இல்லையென்றால் தொடர்ந்து இரு. மொத்தமாக முடியவில்லையென்றால் ராத்திரி இரண்டு இட்லி சேர்த்து 50 கிராமுக்கு ஏற்றி, இரண்டு வாரம் கழித்து இறக்கு. எனக்கு அந்த வழிதான் பிடிக்கும்.

தலைசுற்றும்போது ஒரு சாக்லேட் சாப்பிட்டால் சரியாகிறது, அதனால் சுகர் இறங்குகிறது என்று நினைக்கிறாய். நீரிழிவு மாத்திரை எடுக்காதவர்களுக்கு ஈரலே சர்க்கரை செய்து கொடுத்துவிடும், அபூர்வமாகத்தான் இறங்கும். சந்தேகமென்றால் குளுக்கோமீட்டரில் பார். 70க்குக் கீழே இருந்து வியர்த்து நடுங்கினால் மட்டும் மூன்று ஸ்பூன் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை.

மாப்பிள்ளையும் உன்னோடு சேரப்போகிறார் என்றாயே, அங்கேதான் எனக்குப் பயம். மேலே எழுதிய எதுவும் அவருக்குப் பொருந்தாது. அவருடைய மாத்திரை அட்டைகளை எடுத்துப் பெயரைப் படி. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சுகர் மருந்து எதிலாவது இருந்தால் இந்த டயட் அவருக்கு வேண்டாம். அந்த மருந்தோடு மாவுச்சத்தைக் குறைத்தால் ரத்தம் அமிலமாகும் கீட்டோ அசிடோசிஸ் வரலாம், சுகர் 150, 180 என்று சாதாரணமாகவே காட்டிக்கொண்டிருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. கிளிமிபிரைடு என்ற சுகர் மாத்திரை அல்லது இன்சுலின் என்றால் சுகர் நிஜமாகவே தாழும், டாக்டர் அளவைக் குறைத்த பிறகுதான் சோற்றைக் குறைக்கலாம். டெல்மிசார்ட்டானும், அதோடு எச் என்ற எழுத்து சேர்ந்த மாத்திரையும் பி.பி.க்கு. எச் என்பது உப்பையும் தண்ணீரையும் வெளியேற்றும் மருந்து. டயட்டும் அதையே செய்யும், இரண்டும் சேர்ந்தால் பாத்ரூமில் விழுந்துவிடுவார். டெல்மிசார்ட்டான் எடுப்பவருக்குப் பொட்டாசியம் உப்பு ஆகவே ஆகாது. அவரிடம் பக்குவமாகச் சொல், டாக்டரைப் பார்த்து, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினினும் பொட்டாசியமும் சோதித்துவிட்டு வரட்டும்.

கீட்டோ பிறந்ததே ஒரு மருத்துவமனையில்தான். 1921ல் அமெரிக்காவின் மயோ கிளினிக்கில் வைல்டர் என்ற டாக்டர் வலிப்பு நோய்க்காக முன்மொழிந்தது. குழந்தைகளுக்கு இதைத் தொடங்கும்போது இன்றைக்கும் பல இடங்களில் ஆஸ்பத்திரியில் வைத்துக் கண்காணித்துத்தான் தொடங்குகிறார்கள்.

இப்போதைக்கு, காலையில் விழித்ததும் துள்ளி எழாதே. படுத்தபடியே பாதத்தை இருபது தடவை மேலும் கீழும் ஆட்டு, கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார், பிறகு எழுந்திரு. நிற்கும்போது இருட்டினால் காலைக் குறுக்கே வைத்துத் தொடையை இறுக்கு, முடியாவிட்டால் அங்கேயே தரையில் உட்கார், வெட்கப்படாதே. கொதிக்கக் கொதிக்கக் குளிக்காதே, பாத்ரூம் கதவைத் தாழிடாதே, இது தீரும்வரை ஸ்கூட்டியை எடுக்காதே.

மயங்கி விழுந்தால், நெஞ்சு வலித்தால், துடிப்பு தாறுமாறாக ஓடினால், குடித்த தண்ணீர் தங்காமல் வாந்தி வந்தால், வயிற்று வலியோடு மூச்சு ஆழமாக வாங்கினால் உப்புத் தண்ணீர் கலக்கிக்கொண்டு நிற்காதே, நேராக அவசர சிகிச்சைக்குப் போ, கீட்டோவில் இருப்பதை வாய் திறந்து சொல். இரண்டு வாரம் சரியாகச் செய்தும் களைப்பு தீராவிட்டால் ஹீமோகுளோபின், இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு பார்க்க வேண்டும். உனக்கு மாதவிலக்கில் போகிற ரத்தத்துக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன், பழியை டயட்டின் மேல் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

இன்று ராத்திரி சூப் குடித்த பிறகு இல்லை, நாளைக் காலை எழுந்ததும், எதுவும் குடிப்பதற்கு முன் அந்த மூன்று பி.பி. எண்களைப் பார்த்து வாட்ஸப்பில் அனுப்பு. மாப்பிள்ளையின் மாத்திரை அட்டைகளின் பின்பக்கத்தையும் போட்டோ எடுத்துப் போடு.

அம்மா