ஊசி போடுவதைப் போனில் படித்தோம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் 2019-இல் பி.எஸ்சி. நர்சிங் சேர்ந்தேன். முதல் வருடம் முடியவில்லை, 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து ஹாஸ்டலைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். அப்புறம் மாதக்கணக்கில் எங்கள் ஊர் கண்மாய்க் கரைதான் எனக்கு வகுப்பறை, அங்கேதான் சிக்னல் கிடைக்கும்.

ஆன்லைன் வகுப்பே வீண் என்று சொல்ல மாட்டேன். தமிழ் மீடியத்தில் படித்து வந்த எனக்கு மருந்தியல் பாடம், ரெக்கார்டிங்கை நிறுத்தி நிறுத்தி மூன்று தடவை கேட்ட பிறகுதான் புரிந்தது. ஆனால் ஊசி போடுவதையும் அதே போனில்தான் படித்தோம். மேடம் தலையணையில் குத்திக் காட்டினார். தசையில் 90 டிகிரி, தோலுக்கு அடியில் 45, தோலுக்குள்ளேயே என்றால் 10 முதல் 15. பரீட்சையில் எல்லாம் சரியாக எழுதிவிட்டேன், கைக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை.

கல்லூரி திறந்து வார்டுக்குப் போனதும் ஒரு பாட்டிக்கு வென்ஃப்ளான் போடச் சொன்னார்கள், அதாவது மருந்து ஏற்றுவதற்காக வெயினுக்குள் (ரத்தக் குழாய்க்குள்) செருகி வைக்கும் சின்னக் குழாய். வெயினை விரலால் தொட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும், அழுத்தினால் அமுங்கி எழும்பும், வயதானவர்களுக்கு அது விரலுக்கு அடியிலேயே நழுவி ஓடும், இதையெல்லாம் எந்த வீடியோவும் விரலுக்குச் சொல்லித் தராது. இரண்டு தடவை குத்தியும் ஊசிக்குள் ரத்தம் வரவில்லை, கை வீங்கிவிட்டது. அந்தப் பாட்டி திட்டவே இல்லை. "பரவாயில்லத்தா, மெதுவாப் போடு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

எங்கள் சீனியர் அக்காக்கள் நிலைமை இன்னும் கஷ்டம். இறுதியாண்டு நர்சிங் மாணவர்களையும் கொரோனா பணிக்குப் பயன்படுத்தலாம் என்று 2021 மே மாதம் மத்திய அரசே அறிவித்தது. முந்தைய ஒரு வருடத்தில் பாதிக்கு மேல் போனில் படித்தவர்கள் அவர்கள்.

இதற்கு நடுவில் கல்லூரியிலிருந்து ஒரு கூகுள் ஃபார்ம் வந்தது, ஆன்லைன் வகுப்பில் திருப்தியா என்று கேட்டு. முதல் கட்டம் பெயர், அடுத்தது ரெஜிஸ்டர் நம்பர். இன்டர்னல் மார்க் அவர்கள் கையில் இருக்கும்போது யார் இல்லை என்று போடுவார்கள்? வாட்ஸ்அப் குழுவில் பேசி வைத்துக்கொண்டு எல்லாரும் "மிகவும் திருப்தி" போட்டோம். அப்படி வந்த பதிலை நம்பி யாராவது முடிவு எடுத்தால் அது நோயாளி தலையில்தான் விடியும்.

அதனால் மாணவர்களிடம் கருத்துக் கேட்பவர்கள் பெயர் கேட்காமல் கேளுங்கள். தியரி ரெக்கார்டிங் தாராளமாகத் தொடரட்டும், ஆனால் வார்டில் நிற்க வேண்டிய நேரத்தில் ஒரு மணி நேரத்தைக்கூட ஆன்லைனுக்கு மாற்ற வேண்டாம். அப்புறம், அந்த வருடங்களில் படித்துவிட்டு இப்போது வேலையில் இருக்கும் எங்களுக்கு மருத்துவமனைகள் ஒரு வாரமாவது ஸ்கில் லேபைத் திறந்துவிடட்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, பொம்மைக் கையில் நூறு தடவை குத்திப் பழகிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு ஸ்டாஃப் நர்ஸ்,
சிவகங்கை மாவட்டம்.